செல்வராணி எடுக்காத மூன்று அழைப்புகள்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், செனாய் தொழிற்பேட்டையில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் செல்வராணி இருபத்தேழு வருடம் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு நாற்காலி, வெளியே போகவும் உள்ளே வரவும் எட்டு லைன்கள். அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். வேலையில் சேர்ந்த முதல் நாளே மேலாளர் ஒரு விதியைச் சொல்லியிருந்தார்: மூன்றாவது தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். மற்ற பெண்கள் ஒரே மாதத்தில் அதை மறந்துபோனார்கள். செல்வராணிக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த நாளிலும், வயிற்றில் ஏழு மாதக் குழந்தையோடு உட்கார்ந்திருந்த நாளிலும், அவள் மேசையில் எந்தப் போனும் மூன்றாவது தடவை அடித்ததில்லை.

கணவர் கிடைத்ததும் அந்தப் போனில்தான். கமலநாதன் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். ஒரு மழைநாள் காலையில் பஸ் நடுவழியில் நின்றுவிட, சாலையோரக் கடையிலிருந்து தொழிற்சாலையைக் கூப்பிட்டார். ஒரு தடவை அடித்தவுடனேயே எதிர்முனையில் குரல் வந்துவிட்டதால், சொல்ல வந்ததை மறந்து விழித்தார். அதற்குப் பிறகு பஸ் நன்றாக ஓடிய நாட்களிலும் கூப்பிட ஆரம்பித்தார். இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஒன்றரை வருடம் இப்படி வானிலை அறிக்கை கேட்டு அலுத்துப்போய், இதைச் சொல்லத்தான் தினமும் கூப்பிடுகிறீர்களா என்று செல்வராணியே கேட்டுவிட்டாள். அடுத்த தை மாதம் கல்யாணம்.

தம்போயில் ஒரு வரிசை வீடு வாங்கினார்கள். ஒரே மகள் பிரேமலா. நன்றாகப் படித்தாள், சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, வசந்தன் என்ற நல்ல பையனைக் கட்டிக்கொண்டு கெலாங் பாத்தாவில் குடியேறினாள். விடிவதற்கு முன் எழுந்து சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அம்மா அப்பாவைப் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன். அந்தப் போனையும் செல்வராணி ஒரே அடியில் எடுத்துவிடுவாள்.

ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. குளித்துக்கொண்டிருந்தாலும் பாதியில் ஓடி வருவாள். யார் பேசினாலும் கடைசிவரை கேட்பாள். பேசுகிறவரை நடுவில் வெட்டுவது அவளைப் பொறுத்தவரை பாவம். அந்தக் குணத்தை ஒரு மோசடிக்காரன் கண்டுபிடித்துவிட்டான். நீதிமன்றத்திலிருந்து பேசுவதாகவும் கமலநாதன் பெயரில் வழக்கு இருப்பதாகவும் மிரட்டி, இரண்டு மணி நேரம் அவளை லைனிலேயே வைத்திருந்தான். அவன் கேட்ட எண்ணை வங்கிப் புத்தகத்தைப் பார்த்து அவள் வாசிக்கத் தொடங்கிய நேரத்தில், தற்செயலாக விடுப்பு எடுத்திருந்த பிரேமலா உள்ளே வந்தாள். போனைப் பிடுங்கி அணைத்தாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை பிரேமலா அந்தக் கைப்பேசியை வாங்கி ஏதோ மாற்றினாள். இனிமேல் அந்த மாதிரி ஆட்களின் தொல்லை வராது, நிம்மதியாக இருங்கள் என்றாள். அந்த ஒரு மோசடிக்காரனின் எண்ணைத்தான் மகள் அடைத்திருக்கிறாள் என்று செல்வராணி நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதை வேறாக இருந்திருக்கும்.

மறு வருடம் பிப்ரவரியில் கமலநாதனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாசலிலிருந்து கேட் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, அறுவை சிகிச்சை செய்து மாற்ற வேண்டும் என்றார்கள். நவம்பர் பதினான்காம் தேதிதான் இடம் இருந்தது. டாக்டர் செல்வராணியைத் தனியாக அழைத்து, நவம்பர் வரை தாங்குவது கஷ்டம் என்றார். இடையில் யாராவது வராமல் போனால் அந்த இடத்தை இவருக்குக் கொடுப்போம், போன் செய்வோம், போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள் என்றார்.

தொடர்பு எண் கேட்டபோது கமலநாதன் தன்னுடையதைச் சொல்லவில்லை. மனைவியின் எண்ணைச் சொன்னார். கவுண்டரில் இருந்த நர்ஸ், மிஸ்ஸி சாருமதி, தமிழ்ப் பெண். அவளிடம் அவர் பெருமையாகச் சொன்னார்:

"போன் எடுக்கிறதுல என் வீட்டுக்காரிய மிஞ்ச ஜோகூர்லயே ஆள் இல்ல மிஸ்ஸி. நீங்க அமுக்கி முடிக்கிறதுக்குள்ள எடுத்துருவா."

சாருமதி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். செல்வராணி வெட்கத்தோடு அவர் கையைக் கிள்ளினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேமலா வந்து, ஆஸ்பத்திரி அட்டையில் அச்சடித்திருந்த எண்ணை அம்மாவின் கைப்பேசியில் பதிந்துகொடுத்தாள். கூப்பிட்டால் பெயரோடு வரும், பயப்படாமல் எடுங்கள் என்றாள்.

அன்றிலிருந்து செல்வராணி காத்திருந்தாள். கைப்பேசியைக் கழுத்தில் ஒரு கயிற்றில் மாட்டிக்கொண்டு சமைத்தாள், துணி காயப்போட்டாள், கோயிலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு ராசம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னடி, இந்த வயசுல ரெண்டாவது தாலியா?" என்று கேட்டாள். கமலநாதன் நாற்காலியில் உட்கார்ந்தபடி சத்தம் இல்லாமல் சிரித்தார். சத்தமாகச் சிரிக்க அவருக்கு மூச்சு போதவில்லை.

மார்ச் போனது, ஏப்ரல் போனது, போன் வரவில்லை. செல்வராணி தானே கூப்பிட்டாள். மலாய் மொழிக்கு ஒன்றை அழுத்து என்றது ஒரு குரல். அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்தால் யாரோ எடுத்து, இது எலும்புப் பிரிவு என்று வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே பதினெட்டுத் தடவை அடித்து நின்றுபோனது. அவள் விரல்விட்டு எண்ணினாள். மறுபடி கூப்பிட்டால் மறுபடி பாட்டு. சற்றுக் காத்திருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் லைனை மாற்றுகிறார்களே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. இருபத்தேழு வருடத்தில் ஒருவரைக்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

போன் உதவவில்லை என்று இரண்டு முறை நேரிலும் போனாள். காலை ஏழு மணிக்கு எண் எடுத்து உட்கார்ந்தால் பதினொன்றுக்கு அழைத்தார்கள். முதல் தடவை சிஸ்டம் வேலை செய்யவில்லை. இரண்டாவது தடவை பெயர் பட்டியலில் இருக்கிறது, இடம் வந்தால் நாங்களே கூப்பிடுவோம், இப்படி வந்து வந்து நிற்க வேண்டாம் என்றார்கள். அவள் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அன்று கவுண்டரில் இருந்த வேறொரு பெண்ணின் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்து, செல்வராணி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"நீ ஏன் அலையிற ராணி?" என்று கமலநாதன் அவள் கையைப் பிடித்தார். "கூப்பிடுறேன்னு சொன்னவங்க கூப்பிடுவாங்க. உன் கையில போன் இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன பயம்?"

ஜூன் பதினேழாம் தேதி பிரேமலாவின் பிறந்தநாள். வேலை நாள்தான், மகள் வர முடியாது. ஆனாலும் செல்வராணி பால் பாயசம் வைத்தாள். காலையிலிருந்து இருவரும் கூடத்தில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளினார்கள். நடுவில் சின்ன மேசையில் கைப்பேசி கிடந்தது. பன்னிரண்டரைக்கு அது அடித்தது. பிரேமலா. கமலநாதன் போனை வாங்கி, மூச்சு வாங்க வாங்க மகளுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார். பாதியில் பாட்டு நின்றுபோக, மீதியை செல்வராணி பாடி முடித்தாள். அந்த மாதத்திலேயே அந்த வீடு சிரித்த நாள் அதுதான்.

ஜூலை ஒன்பதாம் தேதி காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாவது பொத்தானில் நிறுத்திவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னார். செல்வராணி ஜன்னலைப் பார்த்தாள். வெயில் கொளுத்தியது. அவள் திரும்பியபோது அவர் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிரேமலா அழுகையை நிறுத்தினாள். அழுகை நின்ற இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. ஐந்து மாதம் பட்டியலில் இருந்த மனிதரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, இதை விடமாட்டேன் என்றாள். சுகாதார இலாகாவுக்கு, சட்டமன்ற உறுப்பினருக்கு, தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எல்லாம் எழுதப்போவதாகச் சொன்னாள். புகாரோடு இணைக்க அப்பாவின் ஃபைலிலிருந்து நகல் வேண்டும், நீங்கள் போய் வாங்கி வாருங்கள் என்று அம்மாவை அனுப்பினாள்.

அப்படித்தான் செல்வராணி மறுபடி அந்தக் கவுண்டருக்குப் போனாள். சாருமதிக்கு அவளை அடையாளம் தெரிந்தது. அங்கிள் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.  செல்வராணியின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து வெளியே வந்து அவளை ஒரு பக்கமாக உட்கார வைத்தாள். ஃபைலை எடுத்து வந்து திறந்தாள். ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"ஆன்ட்டி, நாங்க கூப்பிட்டிருக்கோம். இங்க பாருங்க, ஜூன் பதினேழு. காலையில பத்து அஞ்சு, பதினொன்னு இருபது, மத்தியானம் ரெண்டு நாப்பது. மூணு வாட்டி. வியாழக்கிழமைக்கு ஒரு இடம் வந்துச்சு. நீங்க எடுக்கல, அதனால அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

அப்படி இருக்கவே முடியாது என்றாள் செல்வராணி. எண் தப்பாக இருக்கும் என்றாள். சாருமதி எண்ணை வாசித்தாள். சரியாகத்தான் இருந்தது. அன்றைக்குப் போன் வேலை செய்தது, பன்னிரண்டரைக்கு மகள் கூப்பிட்டாள், அவர் பாட்டுப் பாடினார் என்று செல்வராணி திரும்பத் திரும்பச் சொன்னாள்.  சாருமதி இதயப் பிரிவின் போனை எடுத்து, அந்த எண்ணை அமுக்கிக் காதில் வைத்தாள். போகிறது ஆன்ட்டி, அந்தப் பக்கம் அடிக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

செல்வராணியின் கழுத்தில் தொங்கிய கைப்பேசி அடிக்கவில்லை. திரைகூட வெளிச்சமாகவில்லை. ஒரு கல்லைப் போல அவள் நெஞ்சின்மேல் கிடந்தது.

சாருமதி அதை வாங்கி உள்ளே தேடினாள். பதிந்து வைக்காத எண் எதுவும் இதில் அடிக்காதபடி செய்து வைத்திருக்கிறது, அடைத்த அழைப்புகள் தனியே ஒரு பட்டியலில் கிடக்கின்றன என்று காட்டினாள். பத்து அஞ்சு. பதினொன்று இருபது. இரண்டு நாற்பது. மூன்றும் அங்கே இருந்தன. ஆனால் அவை அட்டையில் இருந்த எண்ணிலிருந்து வந்தவை அல்ல.

செல்வராணிக்கு அப்போதுதான் விளங்கியது. அட்டையில் இருப்பது வெளியிலிருந்து கூப்பிடுவதற்கான பொது எண். உள்ளிருந்து கூப்பிடுகிறவர்கள் தங்கள் பிரிவின் லைனில்தான் கூப்பிடுவார்கள். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிய வேண்டும். எட்டு லைன்களில் எது காலியோ அதில்தான் அவளும் இருபத்தேழு வருடம் வெளியே இணைத்துக் கொடுத்தாள். மகள் ஓர் எண்ணை மட்டும் பதிந்தபோது, இது போதாதம்மா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். மகள் எதை அடைத்தாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"இத யாரு ஆன்ட்டி செஞ்சு வச்சது?" என்று கேட்டாள் சாருமதி.

பிரேமலா போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத அந்த நாள் செல்வராணியின் கண்முன் வந்தது. நிம்மதியாக இருங்கள் என்று சொன்ன அந்த முகம் வந்தது.

"நான்தான்மா," என்றாள்.

அந்த அடைப்பை எடுத்துவிடச் சொன்னாள். பட்டியலில் இருந்த மூன்று அழைப்புகளையும் அழிக்கச் சொன்னாள். நகல் வாங்காமல் எழுந்து நடந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து மூன்று பஸ்களைப் போகவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரேமலாவும் வசந்தனும் வந்தார்கள். புகார்க் கடிதம் மூன்று பக்கத்தில் தயாராக இருந்தது. பிரேமலா அதைச் சத்தமாக வாசித்தாள். ஐந்து மாதங்களில் ஒருமுறைகூட எங்களைத் தொடர்புகொள்ளவில்லை என்ற வரி வந்தபோது செல்வராணி கையை உயர்த்தினாள்.

"அந்த வரிய எடுத்துரு. அவங்க கூப்பிட்டாங்க."

பிரேமலா புரியாமல் பார்த்தாள்.

"உன் பொறந்தநாளன்னைக்கு. மூணு வாட்டி. தெரியாத நம்பரா இருந்துச்சு. மறுபடியும் அந்த மாதிரி ஆளோன்னு பயந்துக்கிட்டு நான்தான் எடுக்கல."

 பிரேமலாவின் முகத்தில் கோபம் வரவில்லை. வேறு ஏதோ ஒன்று மெல்ல ஏறியது. அவள் எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வதை செல்வராணி பார்த்தாள்.

"இல்லையேம்மா," என்றாள் பிரேமலா.  "உங்க போன்ல தெரியாத நம்பர் அடிக்காதே. நான்தானே அன்னைக்கு..."

"அதெல்லாம் நான் எப்பவோ எடுத்துட்டேன்," என்று செல்வராணி அவசரமாகக் குறுக்கிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரின் பேச்சை அவள் நடுவில் வெட்டினாள்.

பிரேமலா நம்பவில்லை. பையைத் திறந்து அலுவலகத்துக் கைப்பேசியை எடுத்தாள். அது சிங்கப்பூர் எண், அம்மாவின் போனில் பதியாத எண். அதிலிருந்து அம்மாவின் எண்ணை அமுக்கினாள்.

செல்வராணியின் மடியில் இருந்த போன் அடித்தது.

ஒரு தடவை. இரண்டு தடவை. அவள் வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டாள். மூன்று. நான்கு. அந்தப் போன் அவள் மடியில் குழந்தையைப் போல அழுதது. ஐந்து. ஆறு. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இப்படித்தான் அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன் என்று மகளுக்குக் காட்டுவதற்காக, ஓடிப்போய் எடுத்தே பழகிய அந்தப் பெண் அதை முழுதும் அடித்து ஓயவிட்டாள்.

போன் நின்றபோது பிரேமலாவின் முகத்தில் ஒரு விநாடி, ஒரே விநாடி, நிம்மதி தெரிந்தது. தூக்குமேடையிலிருந்து உயிரோடு இறக்கிவிடப்பட்டவளின் முகம். அந்த ஒரு விநாடிக்காகத்தான் செல்வராணி இத்தனையும் செய்தாள். அது மறைந்த பிறகு வந்த முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்பா நம்பித்தானேம்மா உங்க நம்பரக் குடுத்தாரு," என்றாள் பிரேமலா.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் காரில் உட்கார்ந்தாள். வசந்தன் தயங்கித் தயங்கி மாமியாரிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மதியப் போன் நின்றுபோனது. துக்க வீடு என்பதால் அந்த வருடம் தீபாவளி இல்லை. வருவதற்கும் யாருக்கும் காரணம் இல்லை. வசந்தன் மட்டும் வாரம் ஒருமுறை கூப்பிட்டு நலம் விசாரிப்பான். அவளுக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள் அத்தை என்பான். செல்வராணி சரி என்பாள். ராசம்மா ஒரு நாள் தாங்க மாட்டாமல், மகளைப் பெற்றவள் நீயே கூப்பிட்டுப் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். பேசினால் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று செல்வராணி எப்படிச் சொல்வாள்?

அடைப்பு இல்லாத அந்தப் போனில் இப்போது எல்லாரும் கூப்பிட்டார்கள். பார்சல் சுங்கத்தில் சிக்கியிருப்பதாக ஒரு குரல், கடன் வேண்டுமா என்று ஒரு குரல், போலீஸ் என்று ஒரு குரல். ஒன்றையும் அவள் மூன்றாவது தடவை அடிக்கவிடவில்லை. வங்கி எண் கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் வைக்கும்வரை காத்திருந்தாள்.

நவம்பர் பத்தாம் தேதி காலை ஒரு புதிய எண். முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள். ஆஸ்பத்திரியின் இன்னொரு பிரிவிலிருந்து ஒரு மலாய்ப் பெண் பேசினாள். வரும் வெள்ளிக்கிழமை கமலநாதனுக்கு அறுவை சிகிச்சை, முதல் நாளே வந்து சேர வேண்டும், அடையாள அட்டை, போர்வை, பழைய மருந்துகள் எல்லாம் கொண்டுவர வேண்டும் என்று படபடவென்று சொன்னாள். அவர் இறந்ததை ஒரு பிரிவு எழுதிக்கொண்டது, இன்னொரு பிரிவுக்கு அது போய்ச் சேரவில்லை. செல்வராணி குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டாள். போர்வை என்று சொன்னபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

கேட்கிறதா அம்மா, வருவீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவர் ஜூலையிலேயே இறந்துவிட்டார் என்று செல்வராணி மலாயில் சொன்னாள்.  மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற தடுமாற்றக் குரல் வந்தது. பரவாயில்லை என்று செல்வராணிதான் அவளைத் தேற்றினாள். வைக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் இன்னும் ஒரு வார்த்தை என்று கேட்டுக்கொண்டாள்.

"அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள். அவர்கள் எடுக்காவிட்டால் மூன்று தடவையோடு நிறுத்திவிடாதீர்கள் மிஸ்ஸி. பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பார்கள்."